இரண்டு தட்டு தட்டினால் முற்றுப்புள்ளி

இன்று காலை பொன்னேரியில் ரயில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் பக்கத்துப் பெண் செல்போனை வாய்க்கருகே வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான், கண் கேட்டால்தானே! அவள் சொல்லச் சொல்லப் போனே எழுதியது. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. எனக்கு வயிறு எரிந்தது. எரிச்சல் இவள்மேலா, ஃபரிதாமேலா என்று கவரைப்பேட்டை வரைக்கும் தெரியவில்லை.

ஃபரிதா பழவேற்காட்டுப் பெண். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருவரும் ரப்பர் வாஷர்களைப் பையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். இப்போதும் செருப்புக்கடைக்குள் நுழைந்தால் எனக்கு அந்தக் கம்பெனி வாசனைதான் அடிக்கும்.

நான் பிளஸ் டூ, அவள் பத்தாவது. நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்வெர்ப் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் வாக்கியம் எங்கே முடிகிறதென்று தெரியாது. அவளுக்கு அந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது, முடிகிற இடம் மட்டும் தெரியும். எப்படி என்று கேட்டால், "வாய்விட்டுப் படிச்சிப் பாருடி, மூச்சு உடுற எடத்துல தானா தெரியும்" என்பாள். மூச்சு எனக்கும்தான் இருந்தது.

ரயிலில் தினமும் பாடம் நடக்கும். புள்ளியில்லாமல் நான் எழுதி வந்த பக்கத்தை அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே நாஷ்டா டப்பா மூடியில் தட்டுவாள். ஒரு தட்டு கமா, இரண்டு தட்டு முற்றுப்புள்ளி. நான் பேனாவால் வைத்துக்கொண்டே போவேன். "இன்னாம்மா, கச்சேரியா?" என்று முறுக்கு விற்கிற அக்கா சிரிப்பார்.

அப்போதுதான் ரிப்போர்ட் எழுதும் வேலை ஒன்று காலியானது. நாற்காலி, தலைக்குமேல் ஃபேன், பகல் ஷிஃப்ட் மட்டும். நின்று நின்று கால் வீங்கிய எனக்கு அது சிம்மாசனம். கேண்டீனில் பரீட்சை வைத்தார்கள்: செக்‌ஷன் வேலையைப் பற்றி ஒரு பக்கம். எதிரெதிரே உட்கார்ந்தோம். ஃபரிதா எழுதிக்கொண்டே, தன்னையறியாமல், ஸ்டீல் மேஜையில் தட்ட ஆரம்பித்தாள். பழக்கதோஷம், அவள் தட்டியபோதெல்லாம் என் கை என் தாளில் புள்ளி வைத்தது. அவள் வாக்கியம் அழகாக முடிந்தது. என் வாக்கியம் பாதியில் நின்றது. மானேஜர் என் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, விக்கல் எடுத்துக்கினே எழுதினியா?" என்றார்.

நாற்காலி அவளுக்குப் போயிற்று. "உன் படிப்புக்கு உனக்குதான்டி வந்திருக்கணும்" என்று அவள் சொன்னபோது இன்னும் எரிந்தது. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். ஃபேன் காற்றில் அவள் துப்பட்டா ஆடுவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அவளே வெளியே வந்து, "இன்னாடி, பேசாமலே பூட்ற?" என்றாள். வேலை கிடக்கிறது என்று நகர்ந்துவிட்டேன். பிறகு அவளுக்கு ஆபீஸ் நேரம், வேறு ரயில். டப்பா சத்தமில்லாத பெட்டியில் நான் தனியாகப் போய்வந்தேன்.

அந்தக் கம்பெனி இப்போது ஏதோ குடோன். ஃபரிதா கல்யாணமாகி எந்த ஊரிலோ இருக்கிறாள். முறுக்கு அக்காவையும் காணோம். இந்தப் பெண்ணுக்கோ, புள்ளி வைக்க இன்னொருத்தி தேவையே இல்லை.

கும்மிடிப்பூண்டி வந்தது. நான் எழுந்து, இடது கையால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் நிமிரவில்லை. என் வலது கைதான் பேனாவைத் தேடியது.