பெயின்ட்டுக்குக் கீழே ஒரு கோடு

அந்தக் கோட்டை நான் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன்.

ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. கணவர் இங்கேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மலைக்கு வந்த புதிதில் எங்களிடம் ஒரே ஒரு ஸ்கூட்டர்தான் இருந்தது. அதை நான் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவரோ நடக்க முடியாதவர்களுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கச் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கும். பஸ் இல்லாத ஊர்கள். போளூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த கியர் சைக்கிளை அதற்காகத்தான் வாங்கினேன். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, கிரீஸ் வைத்து மாட்டினேன். அது ஓடியது. அந்த ஓட்டம் எனக்குப் பெரிய போதையாகிவிட்டது. இரண்டு வருடத்தில் மூன்று பழைய மலை சைக்கிள்களைச் சரிசெய்தேன். பள்ளியில் என்னைச் சைக்கிள் டீச்சர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் எனக்கு ரொம்பவே பெருமை.

நான்காவது சைக்கிள் வாணியம்பாடியிலிருந்து வந்தது. தோல் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பயன்படுத்தி, மாடியில் போட்டு மறந்த வண்டி. தொண்ணூறுகளில் செய்தது. மெல்லிய எஃகுக் குழாயில் ஆன பிரேம். தூக்கினால் காற்றைத் தூக்குவது போல இருந்தது. அங்கே பழைய சைக்கிளும் உதிரி பாகமும் விற்கும் பாய் ஒருவர் எனக்காக அதை எடுத்து வைத்திருந்தார். அவரிடம் நான் அடிக்கடி பிரேக் கட்டையும் செயினும் வாங்குவேன்.

"டீச்சர், பிரேம் நல்ல பிரேம்தான். ஆனா முன்னாடி எங்கயோ இடிச்சிகீது," என்றார் அவர். ஹேண்டிலுக்குக் கீழே, முன்பக்கக் குழாயும் சாய்வுக் குழாயும் சேரும் இடத்தை விரலால் தடவிக் காட்டினார். "பெயின்ட்டச் சொரண்டிட்டு மண்ணெண்ண தடவுங்க. நல்லா தொடச்சிட்டு சாக்பீஸ் தூள் தூவுங்க. விரிசல் இருந்தா எண்ண கசிஞ்சி தூள்ல கோடு விழும். கோடு விழுந்தா அத ஓட்டாதீங்க. சொவத்துல மாட்டி வெச்சிக்கோங்க."

"சரிங்க பாய்," என்றேன். சாக்பீஸுக்கு எனக்கா பஞ்சம் என்று சிரிக்கவும் செய்தேன்.

அரையாண்டு விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். வெளியே பனி இறங்கி மதியம் வரை கலையாமல் நிற்கும். பின்கட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்து உப்புத்தாளால் பழைய பெயின்ட்டைத் தேய்த்தேன். மூன்றாம் நாள், சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தில், பற்றவைப்பை ஒட்டி ஒரு கோடு தெரிந்தது. நகத்தின் நீளம்கூட இருக்காது. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் மாட்டியதா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்ட கீறல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மண்ணெண்ணெய் சமையல்கட்டில் இருந்தது. சாக்பீஸ் என் பையில் இருந்தது. எழுந்து பத்தடி நடந்தால் போதும்.

நான் நடக்கவில்லை. அடிப்பூச்சுக்குப் பிரைமர் ஏற்கெனவே கலக்கி வைத்திருந்தேன். அதை அன்றைக்கே அடிக்க வேண்டும். விடுமுறை முடிய நான்கே நாள். இவையெல்லாம் அப்போது காரணங்களாகத்தான் தெரிந்தன. உண்மையில், கோடு விழுந்துவிடுமோ என்று பயந்துதான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பிரைமரை அடித்தேன். காய்ந்ததும் மேலே கரும்பச்சை அடித்தேன். கோடு மறைந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நேராக, குட்டையாக இருக்கும். குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங் கிடையாது. கல்லு ரோட்டில் அவருக்குக் கை மரத்துப் போகிறது என்று நான் சஸ்பென்ஷன் வைத்த புது ஃபோர்க் வரவழைத்தேன். அது பழையதைவிட நான்கு விரல்கடை உயரம். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் மாட்டினேன். நெம்புகோல் நீண்டால் அது ஊன்றும் இடத்தில் பாரம் ஏறும் என்பதைப் பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். இந்த வண்டியில் அந்த இடம் கோடு இருந்த இடம்தான்.

வண்டி அழகாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன். பின்னால் ஒன்பது பல்சக்கரம், முன்னால் ஒன்றே ஒன்று, அகலமான ஹேண்டில்பார், கரும்பச்சை. பொங்கல் அன்று காலையில் அவர் அதை ஓட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

ஒரு மாதம் கழித்துச் சத்தம் ஆரம்பித்தது. முன் பிரேக்கைப் பிடிக்கும்போது மட்டும் 'டிக்' என்று ஒன்று. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது போல.

"இன்னா சத்தம் இது?" என்று கேட்டார்.

"புது ஃபோர்க்குங்க. பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றேன். வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில்.

ஆனால் அவர் வேலைக்குப் போகாத நேரங்களில் நான் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஹேண்டில் திரும்ப உதவும் கோன் பேரிங்கைக் கழற்றி மாட்டினேன். கிரீஸ் மாற்றினேன். பிரேக் போல்ட்டை இறுக்கினேன். பெடலை மாற்றினேன், அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தும். எல்லா இடத்தையும் தேடினேன், அந்த ஒரு இடத்தைத் தவிர. சத்தம் போகவில்லை. இரண்டு நாள் ஓய்ந்திருக்கும், பிறகு வரும். வரும்போது கொஞ்சம் பெரிதாக வரும்.

மாசி மாதம், புளி உலுக்கும் சமயம். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மலைக்காரர். சாமை விதைப்பார், ஏழெட்டுப் புளியமரம் வைத்திருக்கிறார். ஒரு மாலை அவர் வாசலில் புளியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து பிரேக் பிடித்து இறங்கினார். டிக்.

வீட்டுச் சொந்தக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "சார், இன்னொரு வாட்டி புடிங்க."

இவர் மறுபடி பிடித்தார். டிக்.

"மரத்து மேல நிக்கறப்ப கெளையில இந்த மாதிரி சத்தம் வந்தா நாங்க எறங்கிடுவோம் சார்," என்றார் அவர். "அதுக்கு மேல அந்தக் கெளையில கால் வெக்க மாட்டோம்."

என் கணவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா செக் பண்ணிட்டாங்க. ஒண்ணும் இல்லயாம்."

நான் தலையாட்டினேன். வீட்டுச் சொந்தக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குனிந்து புளியைப் புரட்டத் தொடங்கினார். அந்த வாரம் சனிக்கிழமை மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து வாசல் வரை கொண்டுவந்தேன். பெயின்ட்டைச் சுரண்டாமல் எப்படிப் பார்ப்பது? சுரண்டினால் எதற்கு என்று கேட்பார். பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் ஏழு மணிக்கே தயாரானார். படவேட்டில் அவருடைய அண்ணன் வீடு இருக்கிறது. மலைப்பாதையில் சைக்கிளிலேயே இறங்கி அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வண்டியை யாருடைய லோடு வேனிலாவது போட்டு மேலே கொண்டுவருவதாகத் திட்டம்.

"பஸ்ஸுல போலாமே," என்றேன்.

"இறக்கம்தான? மிதிக்கக்கூட வேணாம். போய்ட்டு வர்றேன்."

எட்டு மணிவாக்கில் சைக்கிள் நிற்கும் மூலையைப் பெருக்கினேன். துடைப்பத்தில் ஏதோ பச்சையாக ஒட்டியது. எடுத்துப் பார்த்தேன். விரல் நகம் அளவு பெயின்ட் சில்லு, குழாயின் வளைவோடு. திருப்பினேன். உட்புறத்தில் குறுக்கே ஒரு கோடு. துருவின் நிறத்தில், பென்சிலால் கிழித்தது போல நேராக.

அவருக்குப் போன் போட்டேன். மலைப்பாதையில் டவர் கிடையாது என்று தெரியும். இருந்தும் மூன்று முறை போட்டேன். பிறகு கதவைக்கூடப் பூட்டாமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தப் பாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு வளைவும் வேறு மாதிரி இருந்தது. திரும்புமுன் மனசுக்குள் ஒன்றைப் பார்த்துவிடுவேன், திரும்பினால் அது இருக்காது. வெறும் ரோடு. தடுப்புச் சுவரில் குரங்குகள். அடுத்த வளைவு. கீழே பள்ளத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எதிரே வந்த பால் வண்டிக்காரரை நிறுத்தி, பச்சை சைக்கிளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தேன்மா. வேகமாத்தான் போறாரு," என்றார்.

வளைவுகள் முடிந்து பாதை நேராகும் இடத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. பயணிகள் இறங்கி ரோட்டில் கூடியிருந்தார்கள். ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். வேகத்தடைக்கு நாலடி தள்ளி அவர் கிடந்தார். யாரோ தாடைக்கு அடியில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். துண்டு முழுக்கச் சிவப்பு. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் யாரென்று தெரிந்தது அவருக்கு.

சைக்கிள் இரண்டாகக் கிடந்தது. ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் முன்சக்கரமும் ஒரு பக்கம், மீதி வண்டி ஒரு பக்கம். நடுவில் ஒரே ஒரு பிரேக் ஒயர் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"வேகத்தடைல பிரேக் புடிச்சாரும்மா. அப்பிடியே கழண்டு விழுந்துச்சி," என்றார் பஸ் டிரைவர். "ரெண்டு வளைவு முன்னாடி ஆயிருந்தா..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

அதே பஸ்ஸில் படுக்கவைத்துப் போளூருக்குக் கொண்டுபோனோம். காறை எலும்பு முறிந்திருந்தது. இரண்டு பல் போனது. தாடை இரண்டு இடத்தில் உடைந்து, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். கஞ்சியும் பழச்சாறும் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ரோட்டைத் திட்டினார்கள், வெளிநாட்டுச் சாமானைத் திட்டினார்கள். எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து உடைந்த பிரேமைச் சாக்கில் சுற்றி வாணியம்பாடிக்குக் கொண்டுபோனேன். எதற்கு என்று கேட்டால் இப்போதும் சரியான பதில் இல்லை. வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றிருந்தது. பாய் சாக்கைப் பிரித்து, உடைந்த குழாயின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்தா, கருப்பா இருக்குது பாருங்க, இது பழசு. ரொம்ப நாளா விரிசல் விட்டிருக்குது," என்றார். "பளபளன்னு இருக்கறது மட்டும்தான் அன்னிக்கி உடைஞ்சது." கருப்பு பாதிக்கு மேல் இருந்தது. "சாக்பீஸ் போட்டுப் பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன் பாய். ஒண்ணும் தெரியல," என்றேன்.

அவர் கருப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சை பெயின்ட்டையும் அதற்குக் கீழே இருந்த பிரைமரையும் கட்டைவிரலால் மெல்ல நெருடினார். பிறகு அறுக்கும் மெஷினை எடுத்து, என்னைக் கேட்காமலேயே, அந்தப் பிரேமை நான்கு துண்டாக அறுத்துப் போட்டார். "வேற யாரும் எடுத்து ஓட்டிடக் கூடாது," என்றார். கடைப் பையனிடம் எனக்கு டீ வாங்கித் தரச் சொன்னார். அதைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வாய் திறக்க முடியாத ஒருவரிடம்தான் நான் உண்மையைச் சொன்னேன். அது கோழைத்தனம் என்று தெரியும். வீட்டுக்கு வந்ததும், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, பிரைமர், எடுத்துவந்து திரும்ப வைத்த மண்ணெண்ணெய், அன்றைக்குப் பாயிடம் சொன்ன பொய். அவர் பக்கத்தில் எழுதிக் காட்டுவதற்கென்று ஒரு நோட்டு இருக்கும். அதை எடுத்து, சரியாக இருந்த கையால் எழுதினார்.

'எப்ப பாத்த?'

"பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடிங்க," என்றேன்.

நோட்டை மூடி வைத்துவிட்டார். அதன் பிறகு தண்ணீர், மாத்திரை, ஜன்னலைச் சாத்து என்பதற்கெல்லாம் கையைத்தான் காட்டினார். கம்பி எடுக்கும் வரை அந்த நோட்டில் எனக்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை.

கம்பியை எடுத்த நாள் அவர் பேசிய முதல் பேச்சு தோசை வேண்டும் என்பதுதான். சுட்டுக் கொடுத்தேன். பிய்த்துப் பிய்த்து மெதுவாகத் தின்றார். இரண்டு நாள் கழித்து, சம்பந்தமே இல்லாமல், துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

"அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுது. நீ ஒண்ணும் இல்லன்னு சொன்ன. நம்பிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு இன்று வரை அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நான் இப்போது சைக்கிள் வேலை செய்வதில்லை. ஸ்பேனர்களைப் பாயிடமே கொடுத்துவிட்டேன். என் கணவருக்குக் கையை முழுதாகத் தூக்க வராது. அதனால் காலையில் நான்தான் ஸ்கூட்டரில் சுகாதார நிலையத்தில் இறக்கிவிடுகிறேன். சண்டை எதுவும் இல்லை. சிரிக்கிறோம், சினிமா பார்க்கிறோம், என் சமையலுக்கு உப்பு போதவில்லை என்கிறார். ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னால் ஏறும் முன் அவர் வண்டியைச் சுற்றி முன்னால் வருகிறார். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து, முதலில் ஒரு பிரேக்கையும் பிறகு இன்னொன்றையும் அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். அப்புறம்தான் ஏறி உட்காருகிறார்.