எட்டுப் பெட்டிகளில் எந்தப் பெட்டி

மகள் கனடாவில் இருக்கிறாள். முப்பத்தாறு வயதில் அவளுக்கு முதல் பிள்ளை. ஆறாம் மாதம் தொடங்கி நாலாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஃபோனில் முகம் காட்டிச் சொன்னாள்: "அப்பா, பிள்ளை பிறக்கும்போது அம்மா இங்க இருக்கணும். நீங்களும் வாங்க. விசா ஃபோமை நானே நிரப்புறேன். நான் கேக்கிறத மட்டும் எடுத்துக் குடுங்க."

கேட்கிறதை மட்டும் என்று அவள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கண்டி மாநகர சபையில் முப்பத்துமூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். ஒரு கடதாசி கேட்டால் நாலு கொடுப்பேன். வீட்டு அலுமாரியில் இருபத்தேழு ஃபைல்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு இறங்க நூற்றுப்பன்னிரண்டு படிகள். அந்த மாதம் மட்டும் ஃபோட்டோக் கொப்பி எடுக்க அவற்றை நான் பதினொரு முறை இறங்கி ஏறினேன். ஒவ்வொரு முறையும் எண்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, எதையாவது மறந்துவிட்டேனா என்று பையைத் திறந்து பார்ப்பேன்.

மகள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு விடியும் நேரம் அவளுக்கு வேலை முடிந்து வந்த நேரம். வீங்கிய காலை ஒரு கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேருடைய எழுபது வருட வாழ்க்கையையும் ஒழுங்காக அடுக்கினாள். எந்தத் திகதியில் எந்த வேலை, எந்த வருடம் எந்த முகவரி, ஓய்வூதியம், வீட்டு உறுதிப் பத்திரம், திரும்பி வருவோம் என்பதற்கு என்ன அத்தாட்சி. என் மேசை வழியாக ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் போயிருக்கின்றன. இப்படி ஓட்டையில்லாத ஒன்றை நான் கண்டதில்லை. பெற்று வளர்த்த பிள்ளை என்பதை மறந்து, ஒரு மேலதிகாரியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் ஒரு கேள்வியில் வந்து நின்றாள்.

"திருமண நிலைன்னு ஒரு இடம் இருக்கு, அப்பா. எட்டுப் பெட்டி. மணமானவர்னு போட்டா கல்யாணத் திகதியும் கேக்குது." திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "பதிவுச் சான்றிதழ் இருக்கா?"

"தேடிப் பார்க்கணும்" என்றேன்.

தேட ஒன்றும் இல்லை. இருபத்தேழு ஃபைல்களில் எதிலும் அது இல்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் திருமணத்தைப் பதிவு செய்யவே இல்லை.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன் நாவலப்பிட்டியில், என் மனைவியின் ஊர்க் கோயிலில், தாலி கட்டினேன். பதிவாளர் கோயிலுக்கே வருவதாக ஏற்பாடு. அன்று கொட்டிய மழையில் பாதையில் மண் சரிந்து, அவர் வந்த வாகனம் அப்பால் நின்றுவிட்டது. முகூர்த்தம் முடிந்து நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அடுத்த கிழமை செய்துகொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த கிழமை சபையில் கணக்காய்வு. அதற்கடுத்த மாதம் வீடு மாறினோம். எங்கள் சனத்தில் அந்தக் காலத்தில் தாலிதான் கல்யாணம், பதிவு என்பது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம். ஒரு வருடம் போன பின் வெட்கம் வந்துவிட்டது. பதிவாளர் கந்தோரில் இருந்தவர்கள் எல்லாம் என்னோடு தேநீர் குடிப்பவர்கள். மற்றவர்களுடைய படிவங்களில் குறை கண்டுபிடிப்பவன், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் முன் எப்படி நிற்பது? வருடம் கூடக்கூட வெட்கமும் கூடியது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா' என்று ஒரு கட்டம். அதில் சிங்களத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. முதல் பிரதியை வாங்கிய அன்று அதைப் படித்து, நாலாக மடித்து, என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். எந்த எழுதுவினைஞரோ கவனமில்லாமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். தாயும் மகளும் அதைக் காணக்கூடாது. பாடசாலை அனுமதியிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் ஒன்பது முறை அந்தக் கடதாசி தேவைப்பட்டது. ஒன்பது முறையும் நானே கொண்டுபோனேன். அவள் கனடாவுக்குப் போக ஆயத்தமானபோது ஆங்கில மொழிபெயர்ப்பையும் நானே எடுத்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவள் அந்த உறையைப் பிரிக்க மாட்டாள் என்று எப்படி நம்பினேன் என்பது இப்போது எனக்கே விளங்கவில்லை.

ஃபோமில் மணமானவர் என்று போட்டால், உறவுக்கு அத்தாட்சியாகப் போகும் மகளின் பிறப்புப் பத்திரம் 'இல்லை' என்று சொல்லும். அங்கே ஓர் அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பொய் என்று முடிவெடுத்தால் போதும். திரும்ப விண்ணப்பிக்க நாள் இராது. மருமகன் தாயில்லாதவர். முதல் பிரசவத்தில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை இருக்க மாட்டாள்.

நாலு நாள் ஃபைல்களை இறக்கி ஏற்றினேன். நாலாம் நாள் மனைவி போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லாததை எத்தனை நாளைக்குத் தேடப் போறீங்க?" என்றாள்.

நான் கையில் இருந்த ஃபைலை மேசையில் வைத்தேன்.

"பிள்ளை பொறந்த ரெண்டாம் நாள் பதியிறவரு வார்டுக்கு வந்தாரு. கல்யாணம் பதிவு பண்ணுனீங்களான்னு கேட்டாரு. இல்லைன்னு சொன்னேன்."

"நீயா சொன்ன?"

"பிறகு? பெத்தது நான்தானே. உங்களையா கேப்பாரு?"

"தாலியைக் காட்டி ஆமான்னு சொல்லியிருக்கலாம்."

"அவரு தாலியக் கேக்கல. பதிவத்தான் கேட்டாரு."

"முப்பத்தாறு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்கதான் பூட்டி வச்சிருந்தீங்களே. சரி, மனுஷனுக்கு வெக்கம் போலன்னு விட்டுட்டேன்." கத்தி பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது. "பூட்டத் திறக்கிறப்ப எல்லாம் நான் குசினிக்குப் போயிருவேன். கவனிச்சதில்லையா?"

நான் கவனித்திருந்தேன். ஒன்பது முறையும் நல்ல வேளை, அவள் பக்கத்தில் இல்லை என்று நிம்மதிப்பட்டும் இருந்தேன். கதிரையில் உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள், ஒரு வார்த்தை பேசாமல் என் மானத்தை முப்பத்தாறு வருடம் எனக்காகக் காத்து வந்திருக்கிறாள். அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அடையாள அட்டைக்குப் போட்டப்பவே பார்த்துட்டேன் அப்பா. ஸ்கூல்ல திருப்பி என் கையிலதானே குடுத்தாங்க. அம்மாகிட்டக் கேட்டேன். அப்பாகிட்டக் கேக்காதேன்னாங்க."

ஆக, வீட்டில் மூன்று பேர். அந்த இரகசியம் தெரியாமல் இருந்தவர்கள் ஒருவரும் இல்லை.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, இப்போது போய்ப் பதிவு செய்வது. பிரதேச செயலகத்தில் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். இதுவரை விவாகமாகாதவர் என்று இருவரும் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்றுதான் எனக்கு விளங்கியது. மற்றது, மகள் சொன்னது.

"மணமாகாம சேர்ந்து வாழுறவங்கன்னு ஒரு பெட்டி இருக்கு. அங்க அது சாதாரணம். அதைப் போட்டா சான்றிதழும் வேணாம், என் பத்திரத்தோடயும் ஒத்துப்போகும்."

எனக்கு அது பிடித்தது. ஒரு சொடுக்கில் முடிகிற காரியம். மனைவி ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்ன பெட்டின்ன?"

மகள் திரும்பவும் சொன்னாள்.

"அந்தப் பெட்டியும் வேணாம், அப்பா சொன்ன படிவமும் வேணாம். நாப்பத்தொரு வருஷம் நான் யாருக்கு ஆக்கிப் போட்டேன்?"

"வெறும் கடதாசிதானே" என்றேன். இத்தனை வருடம் கடதாசியில் சோறு தின்றவன் நான்.

"கடதாசின்னா பொய் எழுதலாமா? அன்னைக்கு இல்லாததை இருக்குன்னு சொல்லல. இன்னைக்கு இருக்கிறத இல்லைன்னு சொல்லணுமா?"

"விசா கிடைக்காட்டி?"

அவள் முந்தானையின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள்.

"கிடைக்காட்டி ஃபோன்ல பார்த்துக்கிறேன் பிள்ளையை."

மகள் காலைக் கதிரையிலிருந்து இறக்கினாள். பிறகு, "சரிம்மா. உள்ளதை உள்ளபடி எழுதுவோம்" என்றாள். மணமானவர் என்ற பெட்டி, கோயிலில் தாலி கட்டிய திகதி, அவற்றோடு எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் ஒரு சத்தியக் கடதாசி, கல்யாணத்தை நேரில் கண்ட ஒருவரிடமிருந்து இன்னொன்று.

மணவறைக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பதினாலு பேரை ஞாபகப்படுத்தி எழுதினேன். பன்னிரண்டு பேர் உயிரோடு இல்லை. ஒருத்தி இந்தியாவுக்குப் போய் முகவரி தெரியவில்லை. மிஞ்சியது பிலிமத்தலாவையில் இருக்கும் என் பழைய சகா, என்னோடு ஒரே மேசையில் பத்தொன்பது வருடம் இருந்த முஸ்லிம் நண்பர். எழுபத்தைந்து வயது, சீனி வருத்தம். விஷயத்தைச் சொன்னதும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"மச்சான், கலியாணம் எழுதாம நாப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தி ஈக்கிறீங்க. எங்கட பள்ளிவாசல்ல எண்டா அண்டைக்கே புடிச்சி எழுதி வெச்சிருப்பாங்க" என்றார். மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, சபையில ஒரு மனுஷன் கையெழுத்த ரெண்டு இஞ்சு தள்ளிப் போட்டா மூணு முறை திருப்பி அனுப்பின ஆள் இது. தெரியுமா?"

"வீட்டுலயும் அப்படித்தாண்ணே" என்றாள் மனைவி.

சத்தியக் கடதாசியை நான் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். மழை, மண்சரிவு, நாற்பது நிமிடம் எல்லாம் அதில் இருந்தன. மகள் அதை ஒன்பது வரியாக வெட்டினாள். ஆறாவது வரி: 'அதன் பின்னர் பதிவு செய்யாதது கணவரின் தாமதம்.' அதைக் கொஞ்சம் மாற்றலாமே என்றேன்.

"உள்ளதுதானே" என்றாள் மனைவி. அந்த வரி அப்படியே போனது.

சத்தியக் கடதாசிக்கு முத்திரை வைக்கும் சமாதான நீதவான் ஓய்வுபெற்ற அதிபர், டவுனுக்குள் வீடு. மூன்று பேரும் அவர் முன் உட்கார்ந்தோம். நண்பரிடம் கேட்டார்: "நீங்கள் நேரில் பார்த்தீர்களா?"

"கண்டேன் சேர். குடை புடிச்சது நான். தாலி கட்டக்கொள்ள இவருக்குக் கை நடுங்கி, முதல் முடிச்சோட விட்டுட்டார். மத்த ரெண்டையும் இவர்ட ராத்தாதான் போட்டாங்க."

"அண்ணே, அது எங்க முறை" என்றாள் மனைவி. "நாத்தனார்தான் போடணும்."

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முறையா? நான் இவ்வளவு காலமும் இவர்ட நடுக்கம் எண்டுதானே நெனச்சிக்கொண்டு ஈந்தேன்."

"நடுக்கமும் இருந்துச்சு" என்றாள் அவள்.

நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைவிடச் சாட்சி தேவையில்லை என்று சொல்லி முத்திரையை அழுத்தினார். ஒரு நாளும் யாரிடமும் சொல்லாத என் குறையை நாலு பேர் முன்னால் எழுதி, சத்தியமும் செய்து, வெளியே வந்தபோது எனக்கு உடம்பு இலேசாக இருந்தது. தேநீர்க் கடையில் நண்பர் சீனியில்லாத தேநீர் கேட்டார். கொண்டுவந்ததில் சீனி இருந்தது. அதைச் சொல்லாமல் குடித்துவிட்டார்.

கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்து வந்தோம். பிறகு முப்பத்தெட்டு நாள். நான் ஒரு நாளைக்கு ஐந்து முறை மின்னஞ்சல் பார்த்தேன். கண்ணாடி போட்டும் ஒரு முறை, போடாமலும் ஒரு முறை. ஒன்பது வரியில் ஆறாவது வரிதான் எங்களைக் கெடுக்கப் போகிறது என்று ஒரு நாள் தோன்றும். ஏழாவது என்று மறுநாள் தோன்றும். மகளுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு தொடங்கிவிட்டது. மனைவி ஒரு தடவைகூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு இடிக்கும் சரக்குகளையும் அவள் வாங்கவில்லை. வாங்கலாமே என்றேன். "வரட்டும்" என்றாள். அவளுக்குப் பயம் இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

முப்பத்தொன்பதாம் நாள் பகல் இரண்டு நாற்பதுக்கு ஃபோன் அடித்தது. அவள் அழைக்கும் நேரம் அல்ல அது. பதறி எடுத்தேன்.

"அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்க."

"என்ன, சொல்லு."

"அம்மாவைக் கூப்பிடுங்கப்பா."

மனைவி பாத்திரம் கழுவிய கையோடு வந்தாள். மகள் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

"அப்படின்னா?" என்றாள் மனைவி.

"விசா குடுத்துட்டாங்கம்மா."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

மனைவி கதிரையின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். அப்புறம் அழுதாள். அவள் அழுது இந்த நாற்பத்தொரு வருடத்தில் நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் சத்தமில்லாமல். இது வாய்விட்டு வந்த அழுகை. தோள் இரண்டும் குலுங்கின. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகளின் பிரசவத்துக்குப் போகக் கிடைக்காமல் போகலாம் என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவள் அந்தப் பெட்டிகளை வேண்டாம் என்றிருக்கிறாள். முப்பத்தெட்டு நாளும் அதைத் தனியாக வைத்துக்கொண்டு சோறு வடித்திருக்கிறாள். நானாக இருந்தால் எட்டுப் பெட்டியில் எதை வேண்டுமானாலும் தொட்டிருப்பேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை நோக்கி, "கால் வீக்கம் குறைஞ்சுதா? காட்டு" என்றாள்.

மகள் ஃபோனைக் கீழே இறக்கிக் காலைக் காட்டினாள். "தலையணை ரெண்டு வச்சுத் தூக்கிப் போடு. உப்பைக் குறை. உளுந்து அங்க கிடைக்குமா? பூண்டு? பெருங்காயம் நான் கொண்டாறேன்." கேள்வி மேல் கேள்வியாக, ஒன்றரை மாதமாகக் கேட்காமல் அடக்கி வைத்திருந்த அத்தனையையும் கேட்டாள். இருவருக்கும் முகம் தெரியும்படி ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். என் கை கடுக்கத் தொடங்கியது. மாற்றிப் பிடித்தால் படம் ஆடும் என்று அப்படியே நின்றேன்.