நாலு கூரையும் ஒரு கலண்டரும்

அஜந்தா அக்காவை நான் முதலில் சந்தித்தது களுவாஞ்சிக்குடியில் இருந்து புறப்பட்ட பஸ்சுக்குள். புரட்டாதி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மடியில் ஒரு பெரிய கலண்டரை விரித்து வைத்திருந்தவர் பக்கத்தில் திரும்பி, "தம்பி, சிவப்புப் பேனை இருக்கா?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவன் நான்; என் பையில் பேனைக்கா பஞ்சம்? வாங்கிய கையோடு ஐப்பசியில் பதினைந்து நாட்களைத் தாள் கிழியும்படி வெட்டினார்.

"என்னக்கா, விரத நாளா?"

"விரதமோ! அது மழை நாள். என்ட வீட்டுக்குக் கூரையில்ல தம்பி. தாயும் மகளும் குசினிக்குள்ள, அடுப்போட படுக்கிறம்."

தொடங்கியவர் தேற்றாத்தீவில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. கொண்டக்டர் மிச்சக் காசு கொடுக்கவே பயந்து நின்றார். "பேனைய ஞாயிற்றுக்கிழமை வீட்ட வந்து வாங்கு" என்று சொல்லி, பேனையோடுதான் இறங்கினார்.

அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். நூற்றெண்பது பிள்ளைகள். பத்தரைக்கு மணி அடித்தால் சோறு கோப்பையில் இருக்க வேண்டும். பதினொரு வருடத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை. கணவர் கத்தாரில். ஒரே மகள் தர்மிகாவுக்குத் தையில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீட்டைப் பெண் பேரில் எழுதுவார்கள். வீடு ஒழுகினால் கலியாணமும் ஒழுகும். அதனால்தான் பழைய கூரையை மாற்றி, சுவரை உயர்த்தி, ஓர் அறையும் கூட்டிக் கட்ட முடிவெடுத்தார்.

அழகரத்தினம் மேசன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "மூணு மாசம், பிள்ள. தைக்கு முன்னம் பெயின்ற்றும் அடிச்சித் தாறன்."

ஆவணியில் நாள் பார்த்துத் தேங்காய் உடைத்தார்கள். வேலை தொடங்கியதற்கு அடையாளமாக அன்றைக்கு ஓர் ஓடு மட்டும் இறக்கிவைப்பது வழக்கம். அக்கா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முன்பக்கம் முழுக்க வானம் தெரிந்தது.

"என்னண்ணன், எல்லாத்தையும் கழட்டித்தீங்க?"

"நல்ல நேரம் பிள்ள. கை வச்சா நிப்பாட்டப்படா."

பிறகு நாலு நாள் வந்தார். ஐந்தாம் நாள் வரவில்லை. போன் எடுத்தால் "வாறன்". மறுநாள் எடுத்தால் "பின்னேரம் வாறன்". மூன்றாவது கிழமை அக்கா அவரைத் தேத்தண்ணிக் கடை வாசலில் வைத்து மறித்தார்.

"என்ட கையாள் பொடியன்மார் உன்னிச்சைப் பக்கம் வட்டைக்குப் போயித்தானுகள் பிள்ள. வயல் உழுது விதைக்கிற காலம். ஊருக்கே தெரியுமே!"

"ஊருக்கே தெரிஞ்சது, மூணு மாசமெண்டு சொல்லக்குள்ள உங்களுக்குத் தெரியல்லையோ?"

"வேலை மூணு மாசம்தான். வட்டை வேற கணக்கு."

"அப்ப மழை?"

"மழையும் வேற கணக்கு."

அக்காவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "சோறு வேக அரை மணித்தியாலம்தான். அரிசி கழுவுறது வேற கணக்கு, விறகு பத்துறது வேற கணக்கெண்டு நான் இருந்தா, பத்தரைக்குப் பிள்ளையள் கோப்பைய நக்குறதோ?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேசனும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அக்காவை இன்னும் எரித்தது. ஒரு பெண் நாள் கேட்டால் அது இவர்களுக்கு வேடிக்கை.

இரண்டு நாள் கழித்துக் காத்தான்குடியில் இருந்து மரவேலை செய்கிற உசனார் ஓடாவி கூரை மரத்துக்கு அளவெடுக்க வந்தார். அளவெடுத்துவிட்டுப் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தங்கச்சி, சொன்னாக் கோவிக்கப்படா. அழகரத்தினத்துக்கு நாலு வீட்டுக் கூரை திறந்து கிடக்கு. ஓடு கழட்டின வீட்டுக்காரர் வேற மேசனிட்டப் போக ஏலாதே. அதான் முதல்ல கழட்டிப் போடுறது. ஆருட மரத்த முதல்ல இழைக்கிறதெண்டு எனக்கே தலை சுத்துது."

நல்ல நேரத்தின் குட்டு அப்போதுதான் உடைந்தது. மறுநாள் சமையல் முடிந்ததும் அக்கா மற்ற மூன்று வீட்டுக்கும் போனார். செட்டிபாளையத்தில் ஓர் ஓய்வுபெற்ற கிளாக்கர், களுவாஞ்சிக்குடியில் ஒரு ரியூசன் வாத்தியார். களுதாவளையில் வதனி என்ற பெண். கூரைக்குப் பதிலாகக் கட்டிய தரப்பாளுக்குக் கீழே, பிறந்து இருபத்தாறு நாளான குழந்தையோடு இருந்தாள். மூன்று வீட்டுக்கும் மேசன் சொன்னது அதே மூன்று மாதம். அந்தக் கோபத்தோடு கலண்டர் வாங்கிக்கொண்டு திரும்பியதுதான் அந்த பஸ் பயணம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கூரையில்லாத விறாந்தையில் நாலு வீட்டாரும் கூடினார்கள். பேனை வாங்கப் போன நானும் ஒரு மூலையில் நின்றேன். உசனார் ஓடாவி மேசனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். கேள்விப்பட்டு மாப்பிள்ளையின் தாய் அன்னப்பூரணியும் வந்து கதிரையில் அமர்ந்தார். கலண்டர் சுவரில் ஆணியில் தொங்கியது.

"ஒரு கூரைக்கு எத்தின நாள்? உள்ளதச் சொல்லுங்க, வேற கணக்கு வேணாம்" என்றார் அக்கா.

"பொடியன்மார் இல்லாம... பன்ரெண்டு நாள்" என்றார் மேசன், நிலத்தைப் பார்த்தபடி.

அக்கா வேலை செய்ய முடியாத நாட்களைச் சிவப்புப் பேனையால் வெட்டத் தொடங்கினார். மழைக்கு முன் மிஞ்சியது பதினாறு நாள். ஒரேயொரு கூரைக்குத்தான் இடம். வீடு அக்காவுடையது, கலண்டரும் அக்காவுடையது; கையில் கலியாணமும் இருந்தது. அவர் "எனக்கு" என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்கமாட்டார்கள். அக்கா மகளைப் பார்த்தார். பிறகு வதனியின் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தார்.

"வதனிட கூரை. மத்த மூணு வீட்டுக்கும் பழைய ஓடுகளையே திருப்பி ஏத்துங்க. மிச்ச நாலு நாள் அதுக்குக் காணும்."

"இறக்கின ஓடுகள ஏத்துறது சகுனமில்ல பிள்ள!"

"மழை வந்து சுவர் விழுந்தா நல்ல சகுனமோ? பொடியன்மார் இல்லாட்டி வீட்டுக்கு ஒரு ஆம்பிள வந்து கூட நிப்பாங்க. ஏத்துங்க!"

அன்னப்பூரணி கதிரையை விட்டு எழும்பினார். "அப்ப தையில கலியாணம்?"

அக்கா கலண்டரைத் திருப்பி, பின்பக்கத்தில் அடுத்த வருடத்து மாதங்களை எழுதினார். தை, மாசியில் சுவர் ஈரம்; பொடியன்மாரும் வெள்ளாமை வெட்டு என்று அறுவடைக்குப் போய்விடுவார்கள். வேலை தொடங்குவது பங்குனி நடுப்பகுதி. வருசப்பிறப்புக்கு ஒரு கிழமை போகும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு இன்னொரு கிழமை. அதற்கும் மேல், பிந்தினால் என்று பத்து நாள் சும்மா விட்டார்.

"ஆனியில வைப்பம்."

"மூணு மாசமெண்ட வேலைக்கு ஆனியோ? ஊர் சிரிக்குமே பிள்ள! என்ட மகன் என்ன, காத்துக் கிடக்கிற ஆளா?"

"மூணு மாசமெண்டது பொய். அந்தப் பொய்ய நம்பித்தான் உங்களிட்டயும் தையெண்டு சொன்னன், அது என்ட பிழை. இப்பயும் தையெண்டு சொன்னா உங்கட மகன் தரப்பாளுக்குக் கீழதான் குடியிருப்பார். ஆனியெண்டு இண்டைக்கே எழுதித் தாறன். ஒரு நாள் பிந்தினா, வந்து என்னை ஏசுங்க."

அன்னப்பூரணி வேலிப் படலை வரை போனார். அங்கே நின்று தலையை உயர்த்தி, கூரையில்லாத வானத்தைப் பார்த்தார். "எழுதித் தா பிள்ள" என்றார், எரிச்சலோடு.

மேசன் அந்தப் பதினாறு நாளும் வந்தார். வராமல் என்ன செய்வார்? விடிந்தால் நாலு வீட்டாரும் அவர் வீட்டுப் படலையில் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக வதனியின் வீட்டு ஓடு ஏறி மூன்றாம் நாள் மழை பிடித்தது. அக்கா அந்த மாரி முழுக்கப் பழைய ஓட்டுக்குக் கீழே, ஒழுக்குக்கு வாளி வைத்து, மேசனைத் திட்டிக்கொண்டு கிடந்தார்.

இப்போது அஜந்தா அக்கா அதே வளவில், குசினிப் பக்கத்து அறையில் இருக்கிறார். பெரிய வீட்டில் தர்மிகாவும் மருமகனும். கலியாணம் ஆனி ஒன்பதில் நடந்தது. பின்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்தரைக்குச் சோறு. பேனை இன்னும் அவரிடம்தான்.