உதையை வேலை வாங்கிய துப்பாக்கி

பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் ஆளுக்கொரு செமினார் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆரம்பகால இயந்திரத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை நான் எடுத்தேன். மெக்கானிக்கல் வகுப்பில் பெண்களே நாலைந்து பேர்தான். அதில் முக்காடு போட்டவள் நான் ஒருத்தி. இதைச் சொல்லிவிட்டால் மீதி பாதி புரிந்துவிடும்.

துறைத்தலைவர் நல்ல மனிதர்தான். தனியாகக் கூப்பிட்டு, "வேற எதுனா எடுத்துக்கம்மா. சொட்டு நீர்ப் பாசனம் எடு, நல்லா இருக்கும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லதுக்கு என்று ஆரம்பிக்கிற பேச்சு எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அதோடு வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே சொட்டு நீரில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

அவர் வாய்விட்டுச் சொல்லாததை என்னைப் பெற்ற அத்தா சொன்னார். பாலக்கோட்டில் அவருக்குப் பாத்திரக்கடை. கடையை மூடும்போது, "நம்ம பேரு பக்கத்துல அந்த வார்த்த வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க கண்ணு. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். அவர் குரலில் இருந்த பயம் எனக்கு அழுகையை வரவழைத்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"இன்னிக்கு இத மாத்துனா, நாளைக்கு எத மாத்தச் சொல்வாங்க அத்தா?"

அவர் ஷட்டரை இழுத்தார். நான் தலைப்பை மாற்றவில்லை.

செமினார் அன்று எனக்கு முன்னால் ஒரு பையன் பீரங்கியைப் பற்றிப் பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போனான். நான் போய் நின்றதும் வகுப்பு கப்சிப்.

இந்த இயந்திரத் துப்பாக்கிக்கு முந்தைய துப்பாக்கிகளில் தொடர்ந்து சுட வேண்டுமானால் ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். எல்லோரும் தோளில் வாங்கி வீணாக்கிய அந்த உதையையே வேலை வாங்கினால் என்ன என்பதுதான் புது யோசனை. குண்டு முன்னால் பாயும்போது குழாயும், அதன் பின்வாயை அடைத்திருக்கும் பூட்டும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் நகரும். பிறகு குழாய் நின்றுவிடும். பூட்டு மட்டும் விடுபட்டு இன்னும் பின்னால் போய், காலி உறையை வெளியே இழுத்து, தோட்டாப் பட்டையிலிருந்து புதியதை உருவும். ஸ்பிரிங் பூட்டைத் திரும்ப முன்னால் தள்ளி, புதிய தோட்டாவைக் குழாய்க்குள் அடைக்கும். விசையை அழுத்தியிருக்கும்வரை இதே வேலைதான்.

"பூட்டு சீக்கிரம் தெறந்துட்டா?" என்று என் தோழி கேட்டாள்.

"சுடறவங்க மூஞ்சியிலயே வெடிக்கும்."

அவளையே கூப்பிட்டேன். என் கையை விறைப்பாக நீட்டி, உள்ளங்கையைப் பிடித்துத் தள்ளச் சொன்னேன். முழு பலத்தோடு தள்ளியும் கை மடங்கவில்லை. முழங்கையை லேசாக வளைத்தேன். இம்முறை லேசாகத் தள்ளியதுமே மடங்கிவிட்டது. "பூட்டுக்குள்ளயும் இப்பிடி ஒரு முழங்கை இருக்கு. நேரா நிக்கற வரைக்கும் எந்த உதையும் தாங்கும். கொஞ்சம் பின்னால வந்ததும் ஒரு தடையில முட்டி மடங்கும். அப்பத்தான் தெறக்கும்" என்றேன்.

கேள்வி நேரத்தில் துறைத்தலைவர் எழுந்தார். ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்பார் என்று தயாராக இருந்தேன்.

"எல்லாம் சரிம்மா. இந்தத் துப்பாக்கி மேல உனக்கு எப்பிடி ஆர்வம் வந்துச்சு?"

பெஞ்சுகள் பக்கம் கையைக் காட்டினேன்.

"பீரங்கி பத்திப் பேசுனவரு அங்கதான் உக்காந்திருக்காரு சார். மொதல்ல அவரக் கேளுங்க. அவரு சொல்ற பதில்தான் என்னோடதும்."