மச்சான் பார்த்த நவீன நாடகம்

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு நவீன நாடகம் பார்க்கப் போனேன். கூடவே என் மச்சானையும் அழைத்துப் போனேன். "எங்க அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போறீங்க... வம்பு ஜாஸ்தியாவாம பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் என் மனைவி அனுப்பினாள்.

நாடக விஷயத்தில் எனக்குப் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. கருத்து மட்டும் நிறைய உண்டு. அதுவும் அசைக்க முடியாத கருத்து! கடலூரிலோ சிதம்பரத்திலோ எந்த நாடகம் நடந்தாலும் மூன்றாவது வரிசையில் என்னைப் பார்க்கலாம்.

புராண நாடகத்தில் ராஜா ஒரு பாட்டுப் பாடாமல் உட்கார மாட்டார். ராணி அழுவதற்கு முன்பே ஆர்மோனியம் அழுதுவிடும். எங்கே சிரிப்பது, எங்கே கண்ணைத் துடைப்பது... எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சுகம்தான், மறுக்கவில்லை.

நவீன நாடகத்தில் எதையும் சொல்ல மாட்டார்கள். கறுப்பு உடையில் நாலு பேர் வருவார்கள். ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிற்பார். ஏன்? அதை நாம்தான் யோசிக்க வேண்டும். எனக்கு இதுதான் பிடிக்கும். யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறதே!

மச்சான் செல்வராசு புராண நாடகக் கட்சி. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். விஷவாயு கசிந்தால் என்ன செய்வது என்று தொழிலாளர்களுக்கு டிரில் எடுப்பது அவர் வேலை. "சைரன் அடிச்சா ஈரத்துணியால மூக்கப் பொத்து. நேரா வாசலுக்கு நட. யாரையும் தேடிக்கிட்டு நிக்காத!" தீபாவளிக்கு விருந்துக்குப் போனாலும் இலையில் உட்காரவைத்து இதையே சொல்லிக்கொடுப்பார்.

அப்படிப்பட்டவர் நவீன நாடகத்துக்கு ஏன் வந்தார்? நாடகத்தை இயக்கி நடிப்பது அவருடைய ஒரே மகள் இலக்கியா.

இன்ஜினியரிங் முடித்தவள். சென்னையில் வேலை காத்திருக்கிறது. அவளோ நாடகம்தான் என்று நிற்கிறாள். கடலூர் செம்மண்டலத்து வீட்டில் ஒரு மாதமாக அப்பாவும் மகளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் மச்சான் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரே ஒரு நாடகம் வந்து பாக்குறேன். எனக்கு மனசுல ஒட்டலன்னா நீ பொட்டியக் கட்டிக்கிட்டு வேலைக்குக் கெளம்பிடணும்." அவளும் ஒத்துக்கொண்டாள்.

எனக்கு வந்தது அதைவிடப் பெரிய பொறுப்பு. "மாமா, நீங்க அப்பா பக்கத்துல ஒக்காந்துக்குங்க. நடுவுல எந்திரிச்சிப் போவாம பாத்துக்குங்க."

"நான் இருக்கேன்ல!" என்றேன்.

நாடகம் தொடங்கியது. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டிபன் கேரியர். ஷிஃப்டுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணாக இலக்கியா. தட்டை வைக்கிறாள், வாசலுக்குப் போகிறாள், திரும்பி வந்து தட்டை மூடுகிறாள். வசனமே இல்லை.

மச்சான் என் காதருகே குனிந்தார். "பாட்டு எப்ப வரும் மச்சான்?"

"வராது."

"அவ புருஷன்?"

"அவரும் வர மாட்டாருன்னு நெனைக்கிறேன்."

"அப்ப நாம மட்டும் எதுக்கு வந்தோம்?"

யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு மேடையையே முறைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் ஆசை போச்சு என்றே நினைத்தேன்.

திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது. ஸ்பீக்கரில் சைரன் அலறியது.

ஏதோ ஒரு சைரன் இல்லை — மச்சானுடைய கம்பெனி சைரன்! கம்பெனியின் குடும்ப விழாவில் டிரில் செய்துகாட்டியபோது இலக்கியா அதைச் செல்போனில் பதிவு செய்திருக்கிறாள். இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சிப்காட் எங்கே, சிதம்பரம் எங்கே? அதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினார். சேஃப்டி ஆபீசர் அல்லவா, எப்போதும் இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். இரண்டையும் நனைத்தார். ஒன்றை என் மூக்கில் அமுக்கினார். "நடங்க மச்சான்!" என்று கத்தினார். அடுத்த நொடி ஆள் பக்கத்தில் இல்லை.

விளக்கு வந்தபோது மச்சான் மேடையில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு கைக்குட்டை மகளின் மூக்கில். "வாடி... வெளிய வாடி!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா... ஸ்பீக்கர்ப்பா" என்றாள் இலக்கியா மெதுவாக.

மண்டபமே கைதட்டியது. காத்திருந்தவளைத் தேடி யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு அம்மா விசும்பியதைக் கேட்டேன்.

நாடகம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றோம். மச்சான் தலையைத் தூக்கவே இல்லை. மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் இலக்கியா வந்தாள். கண் சிவந்திருந்தது.

"சைரனுக்கு அப்பறம் அவ தனியா நிக்கணும்ப்பா. அதுதான் நாடகம். அதையே கெடுத்துட்டீங்க."

"எத்தினி யுத்தம் பாத்திருக்கேன் மேடையில" என்றார் மச்சான், டீ கிளாசைப் பார்த்தபடி. "ஒரு தடவ நாற்காலிய வுட்டு எந்திரிச்சிருப்பேனா? இன்னிக்கி எந்திரிச்சிட்டேன்ல."

"அது சைரனுக்கு எந்திரிச்சீங்க. நாடகத்துக்கு இல்ல."

மச்சான் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"சைரனுக்கு எந்திரிச்சிருந்தா வாசலுக்கு இல்ல ஓடியிருப்பேன்? நீ அங்க தனியா நின்னுக்கிட்டிருந்தியேம்மா..."

இலக்கியா பக்கத்தில் வந்து அவர் கையிலிருந்த டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். சென்னை வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பஸ் ஏறும்போது மச்சான் கேட்டது ஒன்றுதான்: "கடலூர்ல எப்ப போடுற?"

நாடகத்தில் பழசு என்ன, புதுசு என்ன? பார்க்கிறவனை மேடைக்கு இழுத்தால் அது நாடகம். என் அசைக்க முடியாத கருத்துகளில் இது புதிது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? விளக்கு வந்தபோது ஈரக் கைக்குட்டையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.