பம்ப் அறையில் என்னோடு நின்றவர்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் போடியில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் அங்கே ஒரு ஏலக்காய் குடோனில் வேலை பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் குடோன் தீப்பிடித்ததில் இறந்துபோனார். சுவரில் தீயணைக்கும் குழாய் இருந்ததாம். திறந்தபோது தண்ணீர் வரவில்லையாம். கேட்ட நாளிலிருந்து அது என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

அதனால்தான் தேனியில் தீயணைப்புக் கருவிகளுக்கான பயிற்சியில் சேர்ந்தேன். பெரிய கட்டடங்களில் பம்ப், குழாய், சூடு பட்டால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் எல்லாம் பொருத்திப் பராமரிக்கிற படிப்பு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் யாரும் என்னோடு பேசவும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவேன். நான் இதில் சேர்ந்தது பிடிக்காமல் மாமியாரும் பேச்சை நிறுத்திவிட்டார். சில நாட்களில், பஸ்ஸில் "போடி ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டது மட்டுமே நான் பேசிய பேச்சாக இருக்கும்.

அலாரம் மணி இன்னொரு கஷ்டம். சோதனைக்கு அடித்தாலே உடம்பு நடுங்கும். இரண்டு முறை வகுப்பைவிட்டு ஓடியிருக்கிறேன். ஆபீஸ் வேலை ஏதாவது பார்க்கலாமே என்று பயிற்சியாளர் தன்மையாகச் சொன்னார்.

போன ஜூலையில் செய்முறைப் பயிற்சிக்காகக் கம்பத்தில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அன்றோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். மற்றவர்கள் மாடியில் இருந்தார்கள். நான் கீழ்த்தளத்துப் பம்ப் அறையில் தனியாக இருந்தேன். "ஆண்டவரே, நீரும் என்னை விட்டுட்டீரா?" என்று அழுதேன்.

அப்போது மணி அடித்தது. சோதனை இல்லை. மீட்டரில் தண்ணீரின் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. தானாக ஓட வேண்டிய பம்ப் ஓடவில்லை. யாரோ சுவிட்சை ஆஃபில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் வாசல்வரை ஓடிவிட்டேன்.

"இயேசுவே, கூட நில்லும்."

குரல் ஒன்றும் கேட்கவில்லை. நடுக்கமும் நிற்கவில்லை. ஆனால் கால்கள் திரும்பி வந்தன. சுவிட்சைத் திருப்பி பட்டனை அழுத்தினேன். பம்ப் உறுமிக்கொண்டு ஓடியது.

இரண்டாம் மாடியில் துணி வைக்கும் அறையில் தீ என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வார்டில் பிள்ளை பெற்ற தாய்மார். தண்ணீர் கொட்டித் தீ அங்கேயே அடங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒரு சேதமும் இல்லை.

சாயங்காலம் மாமியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்:

"எம்புள்ளைக்கு அன்னைக்கு அங்கன ஒருத்தரும் இல்ல, ஆத்தா. இவுகளுக்கு நீ இருந்திருக்க."

இருவரும் அழுதோம்.

படிப்பை முடித்து, இப்போது இதே வேலையில் இருக்கிறேன். மணி அடித்தால் இன்றும் பயம்தான். பெரும்பாலும் தனியாகத்தான் வேலை. ஆனாலும் கைவிடப்பட்டவள் என்று நான் நினைப்பதில்லை. ஆள் துணை இல்லாமல் நிற்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் நடுங்கிக்கொண்டேதான் கூப்பிட்டேன். அவர் வந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.