இடிக்கு நிறுத்திய சேர்வர்

அன்று வவுனியாக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் நாலு பேர். கதிரையில் முதலாளி. உர மூட்டையின் மேல், கொம்பியூட்டர் திருத்தும் சுதன். கிளிநொச்சிக் கிளையைப் பார்க்கும் பவானி அக்கா, கைப்பையை மடியில் வைத்தபடி. முல்லைத்தீவுக் கிளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த நான், வாசலுக்குக் கிட்ட. மூலையில் இரைந்துகொண்டிருந்த சேர்வரையும் ஐந்தாவதாகச் சேர்க்கலாம். அதைப் பற்றித்தான் கூட்டமே.

போன கிழமை முல்லைத்தீவில் இடி இடித்தபோது இந்த ஞாபகம் வந்தது. எங்கள் கிளைக்குப் புதிதாக வந்த பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பில் போட்டுக்கொண்டிருந்தா. நான் வயரைக் கழற்ற எழும்பிவிட்டேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மின்சாரத்தைப் பற்றிய பாடம் பதினோராம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஆகவே அதை முழுக்கப் பயந்தே தெரிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் மூன்று கடைக்கும் ஒரே சேர்வர், வவுனியாவில். உரம், விதைநெல், கிருமிநாசினிக் கணக்கெல்லாம் அதற்குள். நாங்கள் கிளையில் இருந்தபடியே அதைத் திறப்போம்; வவுனியாத் திரை அப்படியே எங்கள் திரையை மூடிக்கொண்டு நிற்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர் நுழைந்தால் முன்னவர் வெளியே. எல்லோருக்கும் ஒரே பெயர், முதலாளியுடையது. ஆகவே நுழைய முதல் போன் எடுத்துக் கேட்பது எங்கள் வழக்கம்.

"தம்பி, நான் உள்ளுக்கு வரட்டோ?"

"ரெண்டு நிமிசம் பொறுங்கோ அக்கா, யூரியாவைப் போட்டு முடிக்கிறன்."

"கெதியாப் போடுங்கோ, இஞ்ச சனம் நிக்குது. சாப்பிட்டனீங்களோ?"

ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது நடக்கும். அக்கா வீட்டு ஆடு குட்டி போட்டது முல்லைத்தீவுக்கும், என் பல்லுக் கொதி கிளிநொச்சிக்கும் தெரிந்தது இப்படித்தான்.

கூட்டத்துக்கு முதல் கிழமை ஒரு மத்தியானம் வானம் இருண்டு முழங்கியது. இடி என்றால் எங்கள் பக்கம் எல்லா வயரையும் கழற்றிவிடுவார்கள். நான் முதல் முழக்கத்துக்கே கழற்றுபவன். கொம்பியூட்டரை முறையாக நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று சுதன் சொல்லியிருந்ததால் முறையாகவே நிறுத்தினேன். திரையில் நின்றது வவுனியா. நின்றுபோனதும் வவுனியாச் சேர்வர்தான். என் கொம்பியூட்டர் ஒரு குறையும் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று வவுனியாக் கடை பூட்டு. முதலாளி யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டில், சாவி அவரிடம். கொப்பியில் எழுதிச் சாமான் கொடுக்க அவர் விடமாட்டார். விதைநெல்லுக்கு வந்த சனத்தைப் பவானி அக்கா வெறுங்கையோடு திருப்பி அனுப்பினா. என்ன நடந்தது என்று போனில் கேட்டா. "தெரியேல்லை அக்கா" என்றேன்.

சேர்வர் நின்றதை முதலில் அறிவித்தவ என்பதால், கூட்டத்தில் முதலாளி நேரே அவாவைப் பார்த்தார். "ஏன் பவானி நிப்பாட்டினனீர்?"

"நான் நிப்பாட்டேல்லை."

"அப்ப அது தன்பாட்டில படுத்ததோ? இப்பிடியெண்டா நான் வேற ஆளைத்தான் பாக்கோணும்."

அக்காவின் சம்பளத்தில் மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். சுதன் பதிவைத் திறந்து பார்த்தான்.

"நிப்பாட்டின ஆளின்ர பேர் இருக்கண்ணை. உங்கட பேர்."

"நானோ? நான் பந்தியில இருந்தனான்!"

"எல்லாரும் உங்கட பேரிலதானே போகினம். அதுக்கு மேல இதில இல்லை."

பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் எனக்கு முதல் திறந்துவிட்டது. "நான்தான் முதலாளி. இடி இடிச்சது."

அவர் யோசித்தார். "அண்டைக்கு வவுனியாவில இடி இடிக்கேல்லையே?"

"முல்லைத்தீவில இடிச்சது."

பவானி அக்கா கைப்பையின் சிப்பை இழுத்து மூடினா.

பிறகு சுதன் மூன்று வழி சொன்னான். ஒன்று, ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிடுவது. "இப்ப இருக்கிறது அதுதான். எங்களுக்கும் சும்மா, கள்ளனுக்கும் சும்மா." இரண்டு, ஒவ்வொரு தரமும் இலக்கம் கேட்கும் செயலி, இலவசமாகப் பாவித்தால் கொஞ்ச நேரத்தில் தொடர்பைத் தானே அறுத்துவிடும். மூன்று, விபிஎன். கடைகளுக்கு நடுவே மூடிய பாதை, அதோடு சேர்வரில் ஆளுக்கொரு பெயர், எல்லோரும் ஒன்றாக உள்ளே நிற்கலாம். தலைக்கு இவ்வளவு என்று காசு. முதலாளி பெருமூச்சு விட்டு மூன்றாவதைப் பிடித்தார். என்னைக் காட்டி, "இவருக்கு மட்டும் நிப்பாட்டுற பொத்தானைக் குடாதை" என்றார்.

புது வழி வந்த அன்று யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. போனும் அடிக்கவில்லை. பின்னேரம் வரை பொறுத்துவிட்டு நானே எடுத்தேன்.

"என்ன தம்பி, ஏதும் பிழையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப வையுங்கோ. வேலை கிடக்கு."

கோபத்தில் சொன்னாவோ, உண்மையாகவே வேலை கிடந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவா இன்னமும் கிளிநொச்சியில்தான் இருக்கிறா. கேட்கலாம் என்றால், போன் எடுக்க ஒரு சாட்டு இல்லை.